திண்மத்துக்குள் மூலக்கூறு சுழல்கிறது என்பதற்கு என்ன சாட்சி?

ஜனவரி 9, காலை (வாசகர் கேள்வி)

கல்லூரியில் வேதியியல் நடத்துகிறேன். பிளாஸ்டிக் படிகம் என்று ஒரு வகை உண்டு, அதில் மூலக்கூறுகள் தத்தம் இடத்தில் நின்றபடியே சுழல்கின்றன என்று ஒரு மாணவர் கருத்தரங்கில் பேசினார். கற்பூரத்தையே எடுத்துக்காட்டாகச் சொன்னார். எனக்கு ஒப்பவில்லை. எக்ஸ் கதிர் ஆய்வில் தெரிவது அணுக்களின் இடம் கலங்கிக் கிடப்பது மட்டும்தான். கலங்கிக் கிடப்பதைச் சுழல்வதாக எப்படி எடுத்துக்கொள்வது? ஒவ்வொரு மூலக்கூறும் ஒவ்வொரு திசை பார்த்து அப்படியே உறைந்து நின்றாலும் இதே படம்தானே வரும்?

ஜனவரி 9, இரவு

கடைசி வரி மிகச் சரியான கேள்வி. படிகத்துக்குள் மூலக்கூறின் அசைவை நியூட்ரானால் அளக்கும் துறைக்கு அது அடிப்படையான கேள்வி.

எக்ஸ் கதிர் விளிம்பு விளைவில் கிடைக்கும் பிராக் உச்சிகள் (படிக ஒழுங்கிலிருந்து வரும் கூரிய செறிவுகள்) கோடானுகோடி அலகுக்கூடுகளின், அதாவது படிகத்தில் திரும்பத் திரும்ப வரும் சிறு பெட்டிகளின், சராசரி. இடத்துக்கும் சராசரி, காலத்துக்கும் சராசரி. பாதி மூலக்கூறுகள் கிழக்கேயும் பாதி மேற்கேயும் பார்த்து உறைந்திருந்தாலும், எல்லா மூலக்கூறுகளும் கிழக்குக்கும் மேற்குக்கும் மாறி மாறித் திரும்பிக்கொண்டிருந்தாலும் அந்தச் சராசரி ஒன்றே. இரண்டும் இயற்கையில் உண்டு. உறைந்த ஒழுங்கின்மைக்குப் பனிக்கட்டியே போதும். ஆக்சிஜன்கள் ஒழுங்காக அணிவகுத்து நிற்க, ஹைட்ரஜன்கள் மட்டும் விதிக்கு உட்பட்ட பல வகைகளில் சிதறியிருக்கும். 1935இல் லைனஸ் பாலிங் இதைக் கணக்கிட்டு, தனிச்சுழி வெப்பநிலையை நெருங்கினாலும் மோலுக்குச் சுமார் 3.4 ஜூல்/கெல்வின் என்ட்ரோபி (ஒழுங்கின்மையின் அளவு) மிச்சமிருக்கும் என்றார். அளவீடும் அதையே சொன்னது. அங்கே ஒழுங்கின்மை இருக்கிறது, சுழற்சி இல்லை.

ஆகவே, படிகத்தோடு ஆற்றலைக் கொடுத்து வாங்கும் ஒரு துகள் வேண்டும். எக்ஸ் கதிரை வைத்துக்கொண்டு இதைச் செய்வது ஏன் கடினம் என்றால், ஓர் ஆங்ஸ்ட்ராம் (மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு) அலைநீளமுள்ள எக்ஸ் கதிர் ஃபோட்டானின் ஆற்றல் 12 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டுக்கு மேல். நாம் தேடுவதோ மைக்ரோ எலக்ட்ரான் வோல்ட் கணக்கில் வரும் மாற்றம். நியூட்ரானின் கதை வேறு. 1.8 ஆங்ஸ்ட்ராம் நியூட்ரானுக்கு 25 மில்லி எலக்ட்ரான் வோல்ட்தான் ஆற்றல். குளிர்வித்து 6 ஆங்ஸ்ட்ராமுக்குக் கொண்டுவந்தால் இரண்டு மில்லி எலக்ட்ரான் வோல்ட்டைச் சற்றே தாண்டும். அணுக்களுக்கு இடையிலான தூரத்தை அளக்கும் அலைநீளமும், மூலக்கூறின் அசைவை உணரும் அளவுக்குச் சிறிய ஆற்றலும் ஒரே துகளில் அமைந்திருக்கின்றன. இதை முதலில் பாடத்தில் படித்தபோதே எனக்குப் பெரிய வியப்பு. இன்றும் அது குறையவில்லை.

ஜனவரி 10

கற்பூரத்தைப் பற்றி மட்டும் ஒரு சேர்க்கை. உங்கள் மாணவர் சொன்னது சரி. தூய கற்பூரம் சுமார் 245 கெல்வினுக்கு மேல் பிளாஸ்டிக் படிகம். அறை வெப்பநிலை 300 கெல்வின் என்பதால், நம் கையில் இருக்கும் கற்பூரம் எப்போதும் அந்த நிலையில்தான் இருக்கிறது. விரலால் அழுத்தினால் நொறுங்குவதற்குப் பதில் மெழுகுத்தன்மையோடு நசுங்குவதற்கும் அந்த ஒழுங்கின்மைக்கும் தொடர்பு உண்டு.

சாட்சி உங்கள் ஆய்வகத்திலேயே இருக்கிறது. கற்பூரம் உருக மோலுக்குச் சுமார் 6.8 கிலோ ஜூல் போதும். அதன் உருகுநிலை 450 கெல்வினை ஒட்டியது. ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் உருகும் என்ட்ரோபி 15 ஜூல்/கெல்வின். பூச்சி உருண்டையில் இருக்கும் நாப்தலீனுக்கு அதே கணக்கைப் போட்டால் 54 வரும். இரண்டும் பத்துக் கார்பன் கொண்டவைதாம், ஆனால் நாப்தலீன் உருகும்போது திசையொழுங்கையும் இட ஒழுங்கையும் ஒரே வீச்சில் இழக்கிறது. கற்பூரமோ திசையொழுங்கை 245 கெல்வினிலேயே தொலைத்துவிட்டது. உருகும்போது இழக்க அதனிடம் அதிகம் இல்லை. இந்த வகைப் படிகங்களைத் தனியே பிரித்துப் பெயரிட்ட பெல்ஜிய வேதியியலர் டிம்மர்மன்ஸ், உருகும் என்ட்ரோபி ஏறத்தாழ 20க்குக் கீழே இருப்பதையே அடையாளமாகக் கொண்டார்.

உருகுநிலை எவ்வளவு தாழ்கிறது என்பதிலிருந்து மூலக்கூறு எடை காணும் ராஸ்ட் முறையில் கற்பூரத்தைக் கரைப்பானாகப் பயன்படுத்துவதும் இதனால்தான். உருகு வெப்பம் இவ்வளவு குறைவாக இருப்பதால் உறைநிலைத் தாழ்வு மாறிலி 40ஐ நெருங்குகிறது. தண்ணீருக்கு அது 1.86. நான் படித்த காலத்தில் இந்த மாறிலியை மனப்பாடம் செய்யச் சொன்னார்கள், காரணத்தை யாரும் சொல்லவில்லை. நீங்கள் சொல்லிக்கொடுங்கள்.

ஆனாலும் உங்கள் கேள்விக்கு இது முழு விடை ஆகாது. மூலக்கூறுக்கு எத்தனை திசைகள் திறந்திருக்கின்றன என்பதைத்தான் என்ட்ரோபி சொல்லும். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு எவ்வளவு வேகத்தில், எந்த வழியில் போகிறது என்பதைச் சொல்லாது.

ஜனவரி 12

இப்போது நியூட்ரானுக்கு வருகிறேன்.

கற்பூர மூலக்கூறில் 16 ஹைட்ரஜன்கள். நியூட்ரானைச் சிதறடிப்பதில், இத்தகைய கரிமப் பொருள்களில், ஹைட்ரஜனை மிஞ்ச ஆளில்லை: 82 பார்ன் (பார்ன் என்பது சிதறடிக்கும் திறனின் அலகு). கார்பனுக்கு 5.5, ஆக்சிஜனுக்கு 4.2. கூட்டிப் பார்த்தால் கற்பூரத்திலிருந்து வரும் சிதறலில் 95 விழுக்காட்டுக்கு மேல் ஹைட்ரஜனுடையது. அதிலும் பெரும்பகுதி ஓரியலற்ற சிதறல். அதாவது ஒவ்வொரு ஹைட்ரஜனும் பக்கத்து ஹைட்ரஜனோடு குறுக்கிடாமல், தன் சொந்த நடமாட்டத்தை மட்டும் சொல்கிறது.

ஹைட்ரஜன் அசையாமல் இருந்தால் (அல்லது தன் இடத்தில் அதிர மட்டும் செய்தால்) நியூட்ரான் ஆற்றல் மாறாமல் வெளிவரும். நிறமாலையின் நடுவில் கூரான ஒரு கோடு. மூலக்கூறு தாறுமாறாகத் திரும்பிக்கொண்டிருந்தால் அந்தக் கோட்டின் அடியில் அகன்ற ஒரு மேடு தோன்றும். குவாசி எலாஸ்டிக் சிதறல் என்பது அந்த மேடுதான். அதன் அரை அகலம் அசைவின் வேகத்தைச் சொல்கிறது. மாற்று விகிதம் எளிது: 658 மைக்ரோ எலக்ட்ரான் வோல்ட் அகலம் என்றால் ஒரு பைக்கோ வினாடி. 66 என்றால் பத்து. 0.66 என்றால் ஒரு நானோ வினாடி. இந்த எண்ணைத் தலையில் வைத்துக்கொண்டால் எந்தக் கருவி எதற்கு உதவும் என்பது தானே விளங்கும்.

மேட்டின் அகலம் சிதறல் கோணத்தோடு மாறுகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். மூலக்கூறு இடம்பெயர்ந்து விரவினால், உந்த மாற்றத்தின் (சிதறும்போது நியூட்ரானின் உந்தம் மாறும் அளவு, கோணத்தோடு கூடுவது) இருமடிக்கு ஏற்ப அகலம் கூடும். நின்ற இடத்தில் திரும்பினால் அகலம் ஏறத்தாழ மாறாது, மேட்டின் உயரம் மட்டும் கூடும்.

ஜனவரி 12, இரவு

மேலே எழுதியதைத் திரும்பப் படித்தேன். அகலத்தைப் பற்றி இவ்வளவு சொல்லிவிட்டு முக்கியமானதைக் கடைசி வாக்கியத்தில் சுருக்கிவிட்டேன். விரிக்கிறேன், ஏனென்றால் இதற்காகத்தான் நியூட்ரானிடம் போகிறோம்.

நடுக்கோட்டில் இருக்கும் சிதறல் மொத்தத்தில் எத்தனை பங்கு என்று ஒவ்வொரு கோணத்திலும் கணக்கிடுகிறோம். அந்தப் பங்கு, ஹைட்ரஜன் சுற்றித் திரியும் வெளியின் வடிவத்தைச் சொல்கிறது. வேகத்தைச் சொல்வது அகலம், வழியைச் சொல்வது இந்தப் பங்கு. ஒரே அளவீட்டில் இரண்டும் வருகின்றன.

கற்பூரத்தை வைத்தே ஒரு கணக்கு. அதில் மூன்று மெத்தில் தொகுதிகள், ஆக 16 ஹைட்ரஜன்களில் 9 அவற்றில் இருக்கின்றன. மூலக்கூறு அசையாமல் நிற்க, மெத்தில்கள் மட்டும் 120 பாகை தாவித் தாவித் திரும்புகின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒரு ஆங்ஸ்ட்ராமுக்கு 1.8 என்ற உந்த மாற்றத்தில் அந்தப் பங்கு 0.62 வரும். ஏழு ஹைட்ரஜன்கள் அசையவே இல்லை என்பதால் அதற்குக் கீழே அதிகம் இறங்க வழியில்லை. இனி மூலக்கூறு முழுவதும் எல்லாத் திசைகளிலும் உருள்கிறது என்று வைத்துக்கொள்வோம். மையத்திலிருந்து ஹைட்ரஜன்களின் தூரம் சராசரியாக இரண்டரை ஆங்ஸ்ட்ராம் என்று கொண்டால் அதே இடத்தில் 0.05 வரும். 0.62 எங்கே, 0.05 எங்கே! உறைந்து நின்றால் 1. உங்கள் கேள்விக்கான விடை இந்த மூன்று எண்களில் இருக்கிறது.

ஜனவரி 14

மாதிரியை எப்படித் தயாரிக்கிறார்கள் என்று இருவர் கேட்டிருக்கிறார்கள். ஆராய்ச்சி மாணவனாக இருந்தபோது நான் அதிக நேரம் செலவிட்டது இதில்தான். எழுத ஆசையாகவும் இருக்கிறது.

முதலில் கனம். மாதிரிக்குள் நியூட்ரான் ஒருமுறை சிதறினால் நமக்குச் செய்தி. இருமுறை சிதறினால் செய்தி குழம்பும். அதனால் உள்ளே போகும் நியூட்ரான்களில் பத்தில் ஒன்று மட்டும் சிதறும்படி மெலிதாக வைக்கிறோம். கற்பூரத்துக்குக் கணக்கிட்டால் 0.2 மில்லிமீட்டர். அவ்வளவுதான் தேவை. ஒன்றுக்குள் ஒன்று பொருந்தும் இரண்டு அலுமினிய உருளைகளுக்கு நடுவே விட்ட சந்தில் தூளை நிரப்புவது வழக்கம். அலுமினியம் நியூட்ரானை அதிகம் சிதறடிப்பதில்லை, உறிஞ்சுவதும் குறைவு.

மூடியை அடைக்க இண்டியம் கம்பி. கையுறை போட்ட விரலால் பள்ளத்தில் பதித்து, இரு முனைகளும் ஒன்றன்மேல் ஒன்று சற்றே ஏறும்படி விட்டு, மூடியை வைத்து, எதிரெதிர்த் திருகாணிகளைக் கால் சுற்று கால் சுற்றாக முடுக்க வேண்டும். ஒரு பக்கமாக முடுக்கினால் கம்பி பிதுங்கிவிடும். சரியாக உட்கார்ந்தால் விளிம்பைச் சுற்றி வெள்ளிநிறத்தில் மயிரிழை போல ஒரு கோடு தெரியும். அது எங்கும் அறுபடாமல் இருக்கிறதா என்று விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்ப்பேன். பிறகு அந்த மூடிப் பகுதியை நியூட்ரானை உறிஞ்சும் காட்மியத் தகட்டால் மறைக்க வேண்டும், நியூட்ரான் கற்றை அதில் படக் கூடாது. பட்டால் இண்டியம் கதிரியக்கம் பெறும். அது பாதியாகக் குறைய 54 நிமிடம் ஆகும்.

கற்பூரம், அடமன்டேன் போன்றவற்றில் தனிச் சிக்கல் ஒன்று உண்டு: பதங்கமாதல். குடுவையின் மேற்பகுதி கீழ்ப்பகுதியை விடச் சிறிது குளிராக இருந்தாலும் போதும், தூள் ஆவியாகி மேலே போய் வெண்பொடியாகப் படியும். கற்றை விழும் இடத்தில் மாதிரி குறைந்துகொண்டே வரும். வெப்பநிலை கூடக் கூடச் சிதறல் குறைகிறதே, ஏதோ புதிய இயற்பியல் என்று தோன்றும். மேலும் கீழும் தனித்தனி வெப்பமானி வைத்து, மேற்பகுதியை ஓரிரு பாகை சூடாகவே வைத்திருக்க வேண்டும். முடிவில் தொடங்கிய வெப்பநிலைக்குத் திரும்பி ஒருமுறை மீண்டும் அளந்தால் சந்தேகம் தீரும்.

மாதிரியை அளந்தால் மட்டும் போதாது. வெறுங்குடுவையையும் வனேடியத்தையும் அளக்க வேண்டும். வனேடியம் கிட்டத்தட்ட முழுக்க ஓரியலற்ற சிதறல் தரும். அதில் விரவும் அசைவு எதுவும் இல்லை என்பதால் கருவியின் பகுதிறன் (எவ்வளவு சிறிய ஆற்றல் வேறுபாட்டைப் பிரித்துக் காட்டும் என்பது) எவ்வளவு என்பது அதில் தெரியும்.

ஜனவரி 15

அணுக்கருக் காந்த ஒத்திசைவு நிறமாலை (என்எம்ஆர்) இருக்கும்போது இவ்வளவு செலவு ஏன் என்று ஒருவர் கேட்கிறார். நியாயமான வாதம், அதற்கு நல்ல சான்றும் உண்டு. சி60 படிகத்தில் அறுபது கார்பன்களால் ஆன பந்து போன்ற மூலக்கூறு 283 கெல்வினில் சுமார் 9 பைக்கோ வினாடியில் தன் திசையை மறக்கிறது என்பதைக் கண்டது அந்த முறைதான். கரைசலில் அதே மூலக்கூறுக்குச் சுமார் 15 பைக்கோ வினாடி ஆகிறது. திண்மத்தில் கரைசலை விட வேகமாகச் சுழல்கிறது! படிகத்தில் சுழற்சி என்பதை ஏற்க மறுப்பவர்களுக்கு இந்த ஒரு முடிவைக் காட்டலாம்.

அதே படிகத்தில் 1991இல் நியூட்ரான் சிதறல் செய்தபோது, 260 கெல்வினுக்கு மேல் மூலக்கூறு குறிப்பிட்ட திசைகளுக்குத் தாவாமல், தொடர்ச்சியாகச் சிறுசிறு கோணங்களில் எல்லாப் பக்கமும் திரும்புகிறது என்ற கணக்கு மாதிரியோடு அளவீடு நன்றாகப் பொருந்தியது. அங்கே ஹைட்ரஜனே இல்லை, கார்பனின் ஓரியல் சிதறலை வைத்தே செய்தார்கள் என்பது கூடுதல் அழகு. காந்த ஒத்திசைவு நீண்ட காலங்களையும் தொட்டுவிடும், நியூட்ரான் வடிவத்தை நேரடியாகத் தரும். இரண்டையும் ஒரே பொருளில் செய்வதே சரி. ஒன்றை வைத்து மற்றொன்றை ஒதுக்குவதில் எனக்கு உடன்பாடில்லை.

ஜனவரி 17

ஒரு முனைவர் பட்ட மாணவர் தன் அளவீட்டில் மெத்தில் தொகுதி "தாவுவதை நிரூபித்துவிட்டதாக" எழுதியிருக்கிறார். உந்த மாற்றம் 1.8 வரை அளந்திருக்கிறார். இங்கே நிதானம் வேண்டும்.

மெத்தில் ஹைட்ரஜன்கள் சுற்றும் வட்டத்தின் ஆரம் 1.03 ஆங்ஸ்ட்ராம். மூன்று இடங்களுக்குத் தாவினால் 1.8இல் நடுக்கோட்டின் பங்கு 0.32. வட்டத்தில் வழுக்கிக்கொண்டு சுற்றினால் 0.31. எந்தப் புள்ளியியலாலும் இந்த இரண்டையும் பிரிக்க முடியாது. 2.5 வரை போனால் 0.19க்கும் 0.13க்கும் வேறுபாடு தெரியத் தொடங்கும். உந்த மாற்றம் சிறிதாக இருக்கும் இடத்தில் எல்லாக் கணக்கு மாதிரிகளும் 1இல்தான் தொடங்குகின்றன. பொருத்தி வரைந்த கோடு அழகாகப் புள்ளிகள் வழியே போகிறது என்பதால் கணக்கு மாதிரி மெய்யாகிவிடாது. மெத்தில் தாவுகிறது என்று நாம் நம்புவதற்கு வேறு நல்ல காரணங்கள் உண்டு, ஒரு சுற்றில் மூன்று முறை எதிர்ப்படும் தடை ஆற்றல் அதில் ஒன்று. ஆனால் இந்த அளவீடு அதை நிரூபிக்கவில்லை.

தாவுவதை நியூட்ரான் தெளிவாகக் காட்டிய பொருள் அடமன்டேன். 208 கெல்வினுக்கு மேல் அது கனசதுரப் படிகம். மூலக்கூறுக்கு அங்கே ஒன்றுக்கொன்று 90 பாகை திரும்பிய இரண்டு நிலைகள். மூலக்கூறு பெரியது, ஹைட்ரஜன்கள் மையத்திலிருந்து தள்ளி இருக்கின்றன. அதனால் எட்டக்கூடிய உந்த மாற்றத்துக்குள்ளேயே கணக்கு மாதிரிகள் விலகிவிடுகின்றன. உருண்டையான மூலக்கூறு என்பதால் வழுக்கிச் சுழலும் என்றுதான் யாரும் எதிர்பார்ப்பார்கள். அளவீடு 90 பாகைத் தாவல்களின் பக்கம் நின்றது.

ஜனவரி 18

மேலே உள்ளதற்கு ஒரு பின்குறிப்பு. "நடுக்கோடு" என்று நான் சொல்லும்போதெல்லாம் "இந்தக் கருவியின் பகுதிறனுக்குள்" என்று சேர்த்துப் படியுங்கள். கருவியால் பிரிக்க முடியாத அளவு மெதுவான அசைவும் நடுக்கோட்டுக்குள்தான் ஒளிந்திருக்கும். ஒரு கருவியில் அசையாதது இன்னொன்றில் அசையும். இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டுஷையரில் உள்ள ஐசிஸ் நியூட்ரான் மையத்தின் ஐரிஸ் கருவிக்கு 17.5 மைக்ரோ எலக்ட்ரான் வோல்ட், அதாவது 40 பைக்கோ வினாடி வரை எளிது. பிரான்சின் கிரெனோபிள் நகரில் உள்ள பின்சிதறல் கருவி ஒரு மைக்ரோ எலக்ட்ரான் வோல்ட்டுக்கும் கீழே போகிறது, அங்கே நானோ வினாடி தெரியும்.

கற்பூரம் போல இரண்டு அசைவுகள் கலந்திருக்கும் பொருளில், மெத்தில் ஹைட்ரஜன்களை மட்டும் டியூட்டீரியமாக (கனமான ஹைட்ரஜனாக) மாற்றிவிடுவது இன்னொரு வழி. டியூட்டீரியத்தின் சிதறல் குறுக்குவெட்டு 7.6 பார்ன்தான் என்பதால் அவை ஏறத்தாழ மறைந்துபோகும். மிச்சமுள்ள ஏழும் முழு மூலக்கூறின் உருளலை மட்டும் சொல்லும். செலவு அதிகம், தொகுப்பு வேதியியலர் ஒருவரின் தோழமை வேண்டும். ஆனால் வாதத்துக்கு இடமில்லாத முடிவு கிடைக்கும்.

ஜனவரி 20

இந்தியாவில் செய்ய முடியுமா என்ற கேள்விக்கு: முடியும். மும்பையின் டிராம்பேயில் துருவா ஆராய்ச்சி அணு உலை 1985இல் இயங்கத் தொடங்கியது, 100 மெகாவாட். அங்கே குவாசி எலாஸ்டிக் சிதறலுக்கென்றே ஒரு நிறமாலைமானி இருக்கிறது. பகுதிறன் சுமார் 200 மைக்ரோ எலக்ட்ரான் வோல்ட். பைக்கோ வினாடி அசைவுகளுக்கு அது பொருத்தம். பல்கலைக்கழகத்தில் இருப்பவர்கள் பல்கலைக்கழக மானியக் குழுவும் அணுசக்தித் துறையும் இணைந்த யுஜிசி டிஏஇ கூட்டமைப்பின் மும்பை மையம் வழியாக அணுகலாம்.

இந்த மரபு பழையது. திருநெல்வேலிச் சீமையில் 1931இல் பிறந்த பி.கே. ஐயங்கார், 1950களில் கனடாவின் சாக் ரிவரில் பெர்ட்ராம் பிராக்ஹவுஸோடு சேர்ந்து ஜெர்மானியம் என்ற தனிமத்தின் படிக அதிர்வுகளை நியூட்ரானால் அளந்தவர். பிராக்ஹவுஸுக்கு 1994இல் நோபல் பரிசு கிடைத்தது, கிளிஃபர்ட் ஷல்லோடு சேர்த்து. ஐயங்கார் திரும்பி வந்து டிராம்பேயில் அந்தக் கலையை வளர்த்தார். அவரை அணுகுண்டுச் சோதனையோடு மட்டும் சேர்த்து நினைப்பது எனக்கு வருத்தம் தருகிறது. நியூட்ரான் நிறமாலைமானிகளை இங்கேயே வடிவமைத்துக் கட்டும் ஒரு தலைமுறையை உருவாக்கியதும் அவர்தான்.

ஜனவரி 22

"இதனால் யாருக்கு என்ன பயன்?" வந்துவிட்டது. வரட்டும்.

நியோபென்டைல் கிளைகால் என்று ஒரு பொருள். பெயின்ட், பாலியெஸ்டர் தொழிலில் டன் கணக்கில் புழங்குவது. சுமார் 314 கெல்வினில், நம் ஊர் வெயில் நாள் வெப்பத்தில், அது பிளாஸ்டிக் படிகமாக மாறுகிறது. அழுத்தம் கொடுத்தால் சுழற்சி அடங்கி வெப்பத்தை வெளியே தள்ளும். அழுத்தத்தை எடுத்தால் மீண்டும் சுழலத் தொடங்கி வெப்பத்தை உறிஞ்சும். 2019இல் வெளிவந்த ஆய்வுகள் இந்த என்ட்ரோபி மாற்றம் கிலோவுக்குக் கிட்டத்தட்ட 390 ஜூல்/கெல்வின் என்று காட்டின. அதுவரை அறியப்பட்ட பெரும்பாலான திண்மக் குளிர்ப்பான்களை விட இது பல மடங்கு. புவியைச் சூடாக்கும் வாயுக்கள் இல்லாமல் குளிர்பதனப் பெட்டி செய்ய முடியுமா என்ற தேடலில் இது முன்வரிசையில் இருக்கிறது. அந்த என்ட்ரோபி எங்கிருந்து வருகிறது, அழுத்தத்தில் எது அடங்குகிறது என்பதை நியூட்ரான் சிதறலை வைத்துத்தான் பார்த்தார்கள்.

பெரோவ்ஸ்கைட் சூரியக் கலங்களில் உள்ள மெத்தில் அம்மோனியம் அயனியும் இப்படித்தான். ஈய அயோடைடுக் கூண்டுக்குள் சில பைக்கோ வினாடிகளுக்கு ஒருமுறை திசை மாறுகிறது. அதுவும் இதே முறையில் அளக்கப்பட்டது.

ஜனவரி 25

கேள்வி கேட்ட ஆசிரியர், தன் மாணவரை நியூட்ரான் கற்றை நேரத்துக்கு விண்ணப்பிக்கச் சொல்லப்போவதாக எழுதியிருக்கிறார். மிக்க மகிழ்ச்சி. அவருக்குச் சில வார்த்தைகள்.

விண்ணப்பத்தில் "இயக்கத்தை ஆராய்வோம்" என்று எழுதாதீர்கள். எந்த ஹைட்ரஜன், எந்த இரண்டு கணக்கு மாதிரிகளுக்கு நடுவே போட்டி, எந்த உந்த மாற்றத்தில் அவை விலகுகின்றன என்று எண்ணோடு எழுதுங்கள். நிலைமாற்ற வெப்பநிலைகளை வெப்ப அளவீட்டில் முன்பே கண்டுபிடித்து வைத்திருங்கள். உலையடியில் நின்றுகொண்டு அதைத் தேடக் கூடாது. முதலில் நடுக்கோட்டின் செறிவை மட்டும் வெப்பநிலையோடு ஓட்டிப் பாருங்கள். கற்பூரத்தில் 245 கெல்வினை ஒட்டிச் செறிவு சட்டென்று விழுந்தால், எங்கெங்கே நின்று நீண்ட அளவீடு எடுப்பது என்று அந்த வளைவே சொல்லிவிடும். நிலைமாற்றத்துக்குக் கீழே ஒன்று, மேலே குறைந்தது மூன்று வெப்பநிலைகள் வேண்டும். மூன்று இருந்தால்தான் தடை ஆற்றலைக் கணக்கிட்டு, அது நம்பத்தக்கதா என்றும் சொல்ல முடியும்.

கடையில் வாங்கும் சூடம் வேண்டாம். ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமான இரண்டு வடிவங்களில் எது, கலவையா, தூய்மை எவ்வளவு என்று குறிப்பிட்ட மாதிரியை வாங்குங்கள். நிலைமாற்ற வெப்பநிலை அதைப் பொறுத்து மாறும். குடுவையை நிரப்பும் முன்பும் அளவீடு முடிந்த பின்பும் எடை போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.